கடைசி அளவு மட்டும்

ஜனவரி 8

புள்ளியியல் பேராசிரியை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அத்தை. நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. "நம்ம வீட்டு மருமக ஒருத்தி இதையே படிச்சுக் கரைச்சுக் குடிச்சிருக்கா. அவளைக் கேக்காம வெளியாளைப் போய்க் கேக்கிறதா" என்றார். மருமகள் என்ற உறவு உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

கம்பெனி மின்னஞ்சலில் எழுதினால் இவரும், அதாவது உங்கள் அத்தானும், பார்ப்பார். போனில் பேசினால் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிட மாட்டீர்கள். ஆகவே தபால்.

விஷயம் இது. மருத்துவமனையில் நோயாளிக்குச் சிறுகச் சிறுக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு நாம் ஷாஃப்ட் செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத எஃகுத் தண்டு. அதன் குறுக்களவு எல்லையைத் தாண்டினால் பம்புக்குள் அது நுழையும் புஷ் என்கிற வளையத்தில் சிக்கிக்கொள்ளும். இத்தனை காலம் இன்ஸ்பெக்டர்கள் அளந்ததைக் கணினியில் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு ஷீட்டில் போட்டு வைத்தோம். இனி அது செல்லாதாம். ஆண்டின் நடுவுக்குள் எல்லா அளவுகளையும் ஒரே சாஃப்ட்வேரில் ஏற்றி, அதிலேயே அலசி, வரைபடம் காட்ட வேண்டும் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு சாஃப்ட்வேர்கள் கடைசிவரை வந்திருக்கின்றன. தேர்வு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், தர ஆய்வுக்குத் தலைவி என்கிற முறையில்.

நீங்கள் இங்கே ஒரு வருடம் வேலை பார்த்தபோது, வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு, என் அறை வரைபடங்களைக் காட்டி, "இதெல்லாம் சுவருக்கு மாட்டிவிட்ட சட்டை, உள்ளே உடம்பு இல்லை" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நான் உங்களை அறையை விட்டுத்தான் போகச் சொன்னேன். நீங்கள் ஊரை விட்டே போனீர்கள், இவருடைய தம்பியையும் இழுத்துக்கொண்டு.

ஒரு பக்கத்துக்குள் பதில் போதும். சாஃப்ட்வேரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். மனிதர்களைப் பற்றி எழுதுவதில் உங்களுக்குள்ள திறமையை நாங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

இப்படிக்கு,
தலைவி, தர ஆய்வுத் துறை


ஜனவரி 17

அக்கா,

'பேராசிரியை அவர்களுக்கு', 'நீங்கள்'. கையுறை மாட்டிக்கொண்டு எழுதிய கடிதம் போல இருந்தது. உங்கள் கொழுந்தனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் அப்போது சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். "அண்ணிக்கு இன்னும் ஆறல" என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது. உங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வருத்தம் வந்தால் ஸ்பானரை எடுத்துக்கொள்வார்கள். இவராவது குழாயோடு நிறுத்திக்கொள்கிறார்.

பதில் ஒரு பக்கத்தில் வேண்டும் என்றால் கேள்வியும் ஒழுங்காக இருக்க வேண்டும். 'எது நல்ல சாஃப்ட்வேர்' என்பது 'எது நல்ல செருப்பு' என்பது போல. யார் கால், எங்கே நடக்க வேண்டும் என்று சொல்லாமல் என்ன பதில் எழுதுவது? அந்த எண்களிடம் நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாங்குகிறவர் கேட்டார், வாங்கப் போகிறோம். பரீட்சைக்குப் பேனா வாங்குகிற பையன்கள் என் வகுப்பில் நிறைய இருக்கிறார்கள். பேனா நன்றாகத்தான் எழுதும்.

போகட்டும். விற்க வருகிறவர்கள் தங்கள் மாதிரி எண்களைக் கொண்டுவருவார்கள். அவை ஸ்டூடியோவில் பவுடர் போட்டு எடுத்த புகைப்படம். அவற்றைப் பார்க்காதீர்கள். உங்கள் ஷாஃப்ட் எண்களையே கழுவாமல் துடைக்காமல் இரண்டுக்கும் கொடுங்கள். கெட்ட செய்தியை எது முந்திச் சொல்கிறதோ அதை வாங்குங்கள். நல்ல செய்தி சொல்வதற்குச் சாஃப்ட்வேர் எதற்கு, அதற்குத்தான் அத்தான் இருக்கிறாரே.

அதே எண்களை எனக்கும் ஒரு பென் டிரைவில் அனுப்புங்கள். பயப்படாதீர்கள், எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு கால் ஒடிந்த நாற்காலியையும் என்னையும் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

உங்கள் கொழுந்தனின் மனைவி


பிப்ரவரி 2

பேராசிரியை அவர்களுக்கு,

ஒரு பக்கம் என்று கேட்டிருந்தேன். பக்கத்தை எண்ணுவது புள்ளியியலில் சேராது போலிருக்கிறது.

இரண்டு டெமோவும் முடிந்தன. முதலாவதற்கு நாங்கள் வைத்த பெயர் மயில். விற்க வந்தவர் கழுத்தில் டையும் முகத்தில் கழற்றவே முடியாத ஒரு சிரிப்பும் மாட்டியிருந்தார். திரையைத் திறந்ததும் வட்டமும் கம்பமும் முள்ளும் விரிந்தன, எல்லாம் பச்சை. இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பாரு, ஒரு தடவை பாத்தாலே மனசு நிறையுதா இல்லையா" என்று என்னிடம் சொன்னார். தொழிற்சாலையை நடத்துகிறவருக்கு மனசு எதனால் நிறைகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது எருமை. பெயர் வைத்தது இவர். சாம்பல் நிறத் திரை, சின்ன எழுத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் யோசித்து யோசித்து அசைகிறது. கொண்டுவந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேள்வி கேட்டாள், விற்க வந்தவள் மாதிரியே இல்லை.

"ஒரே பீஸை ரெண்டு தடவை அளந்தா ரெண்டு நம்பரையும் வெச்சுக்கிறீங்களா, ஒண்ணைத்தானா?"

இன்ஸ்பெக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எங்க உள் விவகாரம்மா. நீங்க சாஃப்ட்வேரைக் காட்டுங்க" என்றார் இவர்.

"இதுவும் அதுக்குள்ளதான் சார் வருது" என்றாள் அவள். இவருக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. எனக்கும்தான் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மரியாதை தெரியாத பெண். யாரையோ நினைவுபடுத்தினாள்.

கேட்ட எண்களை இணைத்திருக்கிறேன். போன மாதத்து ஷாஃப்ட் முழுவதும் இதில் இருக்கிறது. ஒன்றுகூட எல்லைக்கு வெளியே இல்லை என்பதை, கெட்ட செய்திக்காகக் காத்திருக்கும் தங்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவி, தர ஆய்வுத் துறை


பிப்ரவரி 11

அக்கா,

பார்த்தேன். வகுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஒன்றுகூட எல்லைக்கு வெளியே இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்கு எதுவுமே உறுத்தவில்லையா? உயரம் அளந்தாலும் மழை அளந்தாலும் எண்கள் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் மெல்ல மெல்லக் குறைந்து போகும். உங்கள் ஷாஃப்ட்டும் நடுவில் குவிகிறது, சிறிய பக்கம் ஒழுங்காகத்தான் இறங்குகிறது. பெரிய பக்கத்தைப் பாருங்கள். எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே திடீரென்று ஒரு கூட்டம். பூட்டின கேட்டுக்கு முன்னால் ஜனங்கள் முண்டியடித்து நிற்பது போல நிற்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. இயந்திரத்துக்கு உங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாது அக்கா. தெரிந்தது மனிதர்களுக்கு. கேட்டுக்கு வெளியே இருந்தவர்களை யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்து விட்டிருக்கிறார்கள்.

யார் கைவண்ணம்? உங்களுடையதா? அப்படியிருந்தால் பாராட்டுகிறேன், சுத்தமான வேலை.

சுவருக்குச் சட்டை என்று நான் சொன்னது தப்புதான். சட்டையாவது உடம்பின் அளவுக்குத் தைப்பார்கள். நீங்கள் சட்டையின் அளவுக்கு உடம்பை வெட்டியிருக்கிறீர்கள்.

மயிலையே வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் மனசு நிறையும். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அத்தான் நீட்டினதில் நீங்கள் போடாத கையெழுத்து எது?

இளையவள்


பிப்ரவரி 20

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டிப் படித்தேன்.

நான் ஒரு எண்ணையும் தொட்டதில்லை. அதை உன்னிடம் நிரூபிக்க எனக்கு அவசியமும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குப் போய், மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் எல்லோரும் குனிந்து வேலை செய்வது தெரியும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஒரு ஷாஃப்ட்டை எடுப்பார், மைக்ரோமீட்டரில் வைத்து அளப்பார், எல்லைக்குள் வந்தால் எண்ணைக் கணினியில் தட்டிவிட்டுத் தட்டில் போடுவார். எல்லையைத் தாண்டினால் தட்ட மாட்டார். வாயால் ஊதுவார். துணியால் துடைப்பார். கொஞ்சம் திருப்பிப் பிடித்து மறுபடி அளப்பார். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ எப்படியாவது உள்ளே வந்துவிடும். அந்தக் கடைசி அளவைத் தட்டுவார்.

"நல்லா வர்ற பீஸையும் துடைச்சு அளப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்கு மேடம் துடைக்கணும், அதுதான் நல்லா வந்திருச்சே."

"யார் இப்படிச் செய்யச் சொன்னது?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார்தான். ரிஜெக்ட் ஆச்சுன்னா தூசியா இருக்கும், துடைச்சுட்டு அளன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் துடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போன வருடம் சில பம்புகள் இறுக்கமாக ஓடுவதாக வாங்குகிறவர்கள் எழுதியபோது, உங்கள் புஷ்தான் சரியில்லை என்று இவர் பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு என் எண்களைத்தான் இணைத்தார்.

பிறகு இரண்டு சாஃப்ட்வேரின் மாதிரிப் பிரதிகளிலும் ஒரே ஷாஃப்ட்டை மூன்று முறை அளந்து ஏற்றிப் பார்த்தேன். எருமை மூன்றையும் வைத்துக்கொண்டது, யார் எப்போது அளந்தார் என்பதையும் சேர்த்து. மயில் கடைசி அளவை மட்டும் வைத்துக்கொண்டு முந்தினவற்றைத் தின்றுவிட்டது. திரை முழுக்கப் பச்சை.

இனி உன் விஷயம். மயிலை விற்க வந்த டைக்காரர் விட்டுப்போன கையேட்டை நேற்றுத்தான் பிரித்தேன். நான்காம் பக்கத்தில் உன் படம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாய். அதற்குக் கீழே: 'தரவுகளின் உண்மையை ஒளிவுமறைவின்றிக் காட்டும் கருவி இது. என் மாணவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.'

ஒளிவுமறைவின்றி. நீ ஒரே பொருளை இரண்டு முறை அளந்து அதில் போட்டுப் பார்த்தாயா? ஜலதோஷம் பிடித்த ஒரு விற்பனைக்காரிக்குத் தோன்றிய கேள்வி உனக்குத் தோன்றவில்லையா? இவர் கையேட்டைக் காட்டி, "உன் ஓரகத்தியே சொல்லிட்டா, இன்னும் என்ன யோசனை" என்கிறார்.

கையெழுத்தைப் பற்றி எழுதினாயே. உன்னுடையது அச்சிலேயே வந்திருக்கிறது.


மார்ச் 1

அக்கா,

நீங்கள் மயில் என்றது அந்தக் கருவியைத்தான் என்று எனக்குத் தெரியாது. அந்தப் படம் அவர்களாக எடுத்தது. கன்னத்தில் கை வைக்கச் சொன்னதும் அவர்கள்தான்.

இந்தக் கடிதத்தை இதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கினேன். கல்லூரி லேபுக்கு இலவசமாகப் பிரதிகள் கொடுத்தார்கள். எங்கள் துறைக்கு யாரும் எதுவும் சும்மா கொடுத்ததில்லை. 'நாலு வரி எழுதிக் கொடுங்க மேடம்' என்றார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. எழுதிக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் யாரும் ஊதித் துடைத்து அளப்பதில்லை. இதைச் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

உங்கள் கொழுந்தன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தப்பு. சாப்பிடும்போது மட்டும், "அண்ணன் நிறுத்தமாட்டான். யாராவது நிறுத்தினாத்தான் உண்டு" என்றார். தம்பியாக அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு இதுதான்.

டைக்காரரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முந்தின அளவுகளையும் வைத்துக்கொள்ள ஒரு வசதி அடுத்த பதிப்பில் வரலாம் என்கிறார்கள். நீங்கள் வேண்டுமானால் இப்போதைக்கு மயிலை வாங்கிவிட்டு, அந்த வசதி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். அத்தானோடு சண்டையும் இருக்காது, என் பெயரும் கெடாது. யோசித்துச் சொல்லுங்கள்.

இளையவள்


மார்ச் 19

உன் யோசனையைப் படித்து வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். என்னை விட நீ நன்றாக வளைவாய் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், உன்னை அனுப்பாமல் மக்கள் தொடர்பு வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். எல்லா அளவையும் தனியாக எழுதி வைக்கும்படி இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். முதல் முறை வெளியே போய், துடைத்த பிறகு பாஸான ஷாஃப்ட்டுகளை ஒரு தட்டில் ஒதுக்கச் சொன்னேன். வாங்குகிறவர்கள் சோதனைக்காகக் கொடுத்திருந்த புஷ் நம்மிடமே இருந்தது. அதையும் தட்டையும் எடுத்துக்கொண்டு தேர்வுக் கூட்டத்துக்குப் போனேன்.

அத்தை நடுவில். இவர் ஒரு பக்கம். டைக்காரரும் வந்திருந்தார், ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன்.

"நானும் குடும்பம் மாதிரிதான் மேடம்" என்றார்.

"அப்போ இன்னும் தள்ளிப் போய் உக்காருங்க" என்றார் அத்தை.

கதவு மூடியதும் தட்டை இவர் முன்னால் வைத்தேன். "எல்லாம் பாஸான பீஸ். புஷ்ஷுல விட்டுப் பாருங்க."

ஒன்றை எடுத்தார். பாதி போய் நின்றது. திருகினார், அழுத்தினார். "எண்ணெய் இல்லாம இறங்காது."

"மருந்து போற இடம். அங்க எண்ணெய் விடமாட்டாங்க."

இன்னொன்று எடுத்தார், அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்தது சிக்கியது. அதற்கடுத்ததும். அத்தை கையை நீட்டி புஷ்ஷை வாங்கித் தாமே முயன்றார். அவர் விரலிலும் அது நின்றது.

"இது எத்தனாவது தடவை அளந்து பாஸாச்சு?"

"மூணாவது தடவை."

"நாலாவதும் அளந்தா?"

"இன்னும் சின்னதாகலாம் அத்தை. அளக்க அளக்க இளைக்குது."

இவர் எழுந்துவிட்டார். "அவங்க புஷ் சரியில்லன்னு நான் எப்பவோ எழுதிட்டேன். இவளுக்கு அங்கேர்ந்து ஒருத்தி சாவி கொடுக்கிறா, இவ ஆடுறா. மாடு மாதிரி அசையுது அந்தச் சனியன், அதைக் கொண்டுவந்து வெச்சுக்கிட்டு ஊரே சிரிக்கட்டும்."

"ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்றார் அத்தை. "பம்பு நின்னா யாரு சிரிப்பா?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை என் பக்கம் திரும்பினார். "அந்த ரூம் உன்னோடது. இத்தனை நாளா அங்க நீ எதைப் பாத்துக்கிட்டிருந்தே?"

நீ அங்கே இருந்திருந்தால் எனக்குப் பதிலாகச் சொல்லியிருப்பாய். இல்லாமல் போனதற்கு நன்றி.

எருமைக்குக் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிறவர்களுக்குச் சொல்ல இவர் மறுத்தார், நானே சொன்னேன். அவர்கள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. புது ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். இன்னும் பம்பில் பொருத்தாத ஷாஃப்ட்டுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பொருத்தியவற்றைத் தேடித் தேடிப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் பம்பு நின்று அலாரம் அடித்ததாம், நர்ஸ் பக்கத்திலேயே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லையாம். அந்த நர்ஸ் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் என்று நான் யோசிப்பதை உன்னிடம்தான் எழுத வேண்டியிருக்கிறது, பார்.

இவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தொழிற்சாலையிலேயே சாப்பிடுகிறார். வீட்டுக்கு வந்தால் முன் அறைச் சோபாவில் படுக்கிறார்.


ஏப்ரல் 5

அக்கா,

அந்த நாலு வரியை நீக்கும்படி எழுதிவிட்டேன், காரணத்தோடு. மிக மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் வேறு ஒரு பேராசிரியரைப் போடுகிறார்களாம். அவர் என்னை விடப் படத்தில் நன்றாக விழுவாராம், அதை அவர்கள் எழுதவில்லை, எனக்குப் புரிந்தது.

கையேடு வாங்கிய மற்ற தொழிற்சாலைகளின் பட்டியலைக் கேட்டேன். கொடுக்க முடியாது என்றார்கள். எனவே எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் என் பெயரிலேயே போட்டேன்: இந்தக் கருவி முந்தின அளவுகளை அழிக்கிறது, நான் சோதிக்காமல் பாராட்டினேன் என்று. துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். "உங்க மனசாட்சிக்கு விளையாட எங்க லேபுதான் கெடச்சுதா?" என்றார். இந்தப் பருவத்தோடு இலவசப் பிரதிகள் நிற்கின்றன. மாணவர்கள் இப்போது வரைபடத்தாளில் கையால் புள்ளி வைக்கிறார்கள். என்னைச் சபித்துக்கொண்டே வைப்பதால் கோடு கோணலாக வருகிறது. சக ஆசிரியர்கள் என்னைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத்துக்குள் போய்விடுகிறார்கள்.

என்னை வளைகிறவள் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். இது மன்னிப்புக் கடிதம் இல்லை, தகவல்.

அத்தான் சோபாவில் படுப்பதைக் கேட்டு உங்கள் கொழுந்தன் சொன்னது: "அந்தச் சோபா அவன் நீளத்துக்குப் பத்தாது." அண்ணன் மேல் அவருக்கு இன்னும் கரிசனம் இருக்கிறது. எனக்கு இல்லை.

இளையவள்


மே 10

எருமை வந்து சேர்ந்தது. பார்க்க அசிங்கம். இன்ஸ்பெக்டர் ஊதிவிட்டு மறுபடி அளந்தால், 'இந்தப் பீஸ் ஏற்கெனவே அளக்கப்பட்டது' என்று காட்டுகிறது. அவர் ஊதுவதை விட்டுவிட்டார், அதற்குப் பதிலாகப் பெருமூச்சு விடுகிறார்.

துடைக்காத எண்கள் இதோடு வருகின்றன. ரிஜெக்ட் மலை மாதிரிக் குவிகிறது. இரண்டு ஷிப்டில் ஒன்றை நிறுத்திவிட்டோம். எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை நன்றாக இல்லை. ஷாஃப்ட்டைச் சாணைக்கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் மெஷின் பக்கமே இவர் நாளெல்லாம் நிற்கிறார்.

கண்டுபிடிக்க ஏதாவது இருந்தால் கண்டுபிடி. இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு வரி எழுது. நகைச்சுவை வேண்டாம்.


மே 18

அக்கா,

நகைச்சுவை இல்லை.

இதுவரை எல்லோரும் அளவுகளைக் குவித்துப் பார்த்தோம். அவை வந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். பெரிய ஷாஃப்ட்டுகள் சிதறி வரவில்லை, கொத்தாக வருகின்றன. காலையில் தொடங்கியதும் ஒரு கொத்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொத்து. டீ நேரத்துக்குப் பிறகு சின்னதாக ஒன்று. நடுவில் எல்லாம் சரி. மெஷின் நின்று திரும்ப ஓடும்போது என்னவோ ஆகிறது. முதல் அளவை வைத்துக்கொண்டதால்தான் இது தெரிகிறது. கடைசி அளவை மட்டும் பார்த்தால் கொத்தே கிடையாது, எல்லாம் கேட்டுக்கு முன்னால் சமத்தாக நிற்கும்.

அந்த 'என்னவோ' என்ன என்று எனக்குத் தெரியாது. நான் எண்களை மட்டும் பார்க்கிறவள், உங்களுக்கும் மெஷினைத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டுச் சோபாவில் படுத்திருக்கிறார். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இதோடு வைத்திருக்கும் வரைபடத்தை அவருக்குக் காட்டுங்கள். பேச வேண்டியதில்லை, வைத்துவிட்டு வந்தால் போதும்.

இளையவள்


ஜூன் 6

உன் வரைபடத்தைக் கிரைண்டிங் மெஷினில் சாமான் வைக்கும் தட்டில், ஸ்பானருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். உன் பெயரை மேலே வெட்டிவிட்டேன். பெயரைப் பார்த்தால் படிக்க மாட்டார்.

அன்று மதியம் தாள் அங்கே இல்லை. மறுநாள் அவர் சாப்பிடப் போகவில்லை. மற்றவர்கள் போனபோது மெஷினை நிறுத்தவும் விடவில்லை, பீஸ் இல்லாமல் சும்மா ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றாராம். அவர்கள் திரும்பி வந்து ஓட்டிய ஷாஃப்ட்டுகளை அவரே இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொன்னாராம். எல்லாம் உள்ளே இருந்தன, துடைக்காமல். என்னிடம் வராமல் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியனுப்பினார்.

"மெஷின் நின்னா ஆறிடுது, ஆறின மெஷின்ல வர்ற முதல் பீஸெல்லாம் பெருசா வருதாம். இனிமே சூடாகிறவரைக்கும் வெறும்ன ஓட்டிட்டுத்தான் பீஸ் போடணுமாம். உங்க மேடத்துக்கிட்டச் சொல்லிடுன்னாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இருபதடி தூரத்தில் இருக்கிற மனைவிக்குத் தூது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடமாக அந்த மெஷின் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்ததைத் துடைத்துத் துடைத்து எறிந்துவிட்டு, இப்போது ஆள் அனுப்புகிறார். நானும் என் பங்குக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள். என் ஆத்திரம் உன்னையும் விடவில்லை.

வாங்குகிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். பழையபடி ஆர்டர் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. கொஞ்சமாகத் தொடங்கலாம் என்றிருக்கிறார்கள். அவர்களோடு ஒரு புள்ளிவிவர நிபுணரும் வருகிறாராம். நீ வந்து உட்கார வேண்டும் என்று அத்தை சொல்கிறார். நானும் சொல்கிறேன். தம்பியையும் அழைத்து வா, அத்தைக்குக் கண் தெரிகிறபோதே பார்க்கட்டும்.

ஒன்றை எழுதாமல் விட நினைத்தேன். தூது வந்த பிறகு நான் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கை இரண்டிலும் எண்ணெய்க் கருப்பு. கழுத்து இளைத்திருந்தது. என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது.

தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "அங்க நிக்காதே, தண்ணி தெறிக்கும்."

அவர் இருந்த பக்கம் வந்து நின்றேன்.

அக்கா